தம்பி உடம்பில் இருந்த பட்டு நூல்



பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். ஆனால் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

பத்து நாளாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. "ஆபரேஷன் பண்ணினவங்க நூலை உள்ளேயே மறந்துட்டுத் தெச்சுட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அது கட்டியாகிப் புற்றுநோய் வரைக்கும் போயிடுச்சு" என்று. யாரைப் பற்றி என்று பெயர் போடவில்லை. போடாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும். அது என் தம்பிதான்.

தம்பிக்குப் புற்றுநோய் இல்லை. நூலை யாரும் மறந்துவிடவும் இல்லை. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் விளக்கம்.

இதைக் குழுவிலேயே இரண்டு வரியில் சொல்லி முடித்திருப்பேன். ஆனால் முந்தாநாள் ஒரு விஷயம் தெரிய வந்தது. நம் உறவில் ஒருவருக்கு ஹெர்னியா. ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தார்கள். இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "எனக்கும் நூலை விட்டுட்டா?" என்று பயந்து தள்ளிப்போட்டிருக்கிறார். ஹெர்னியாவில் குடல் போய் மாட்டிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. ஒரு தவறான செய்தி இவ்வளவு தூரம் போன பிறகு, முப்பத்தொரு வருஷம் உயிரியல் நடத்திய நான் சும்மா இருக்க முடியாது. தம்பியிடம் கேட்டேன். "எழுதுக்கா, என் பேரைப் போட்டாலும் பரவாயில்லை" என்றான். பெயர் வேண்டாம். தம்பி என்றே சொல்கிறேன்.

நடந்தது இதுதான்.

தம்பிக்கு வலது பக்கம் அடிவயிற்றில் ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது. நன்றாகவே ஆறியது. ஒரு வாரத்தில் மேல்தையல் பிரித்தார்கள், ஒரு மாதத்தில் நடமாடினான், மூன்றாம் மாதம் சாயப்பட்டறைக்குப் போனான். ஒரு வருஷம் கழித்து, தழும்புக்குக் கீழே ஒரு புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை. வீட்டில் மகள் கல்யாண வேலை நடந்துகொண்டிருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. அது மெல்ல மெல்ல நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. தனக்கு வந்திருப்பது என்ன என்று அவனாகவே ஒரு முடிவுக்கு வந்து, கல்யாணம் முடியட்டும் என்று மனதுக்குள் வைத்துப் பூட்டிவிட்டான். எட்டு மாதம்! மாப்பிள்ளை வீட்டாருக்குச் சிரித்த முகத்தோடு பந்தி பரிமாறியவன் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

கல்யாணம் முடிந்த மறுவாரம் என்னிடம் வந்தான். "அக்கா, ஒண்ணு காட்டணும்" என்றான். ஸ்கேன் எடுத்தோம். ஊசி போட்டுச் சோதித்தார்கள். தெளிவாகத் தெரியாததால் கட்டியையே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஆறு நாள். அந்த ஆறு நாளும் நம் வீட்டில் அடுப்பு எரிந்ததே பெரிய விஷயம்.

அறிக்கையில் இருந்தது: சூச்சர் கிரானுலோமா, ஃபாரின் பாடி ஜயன்ட் செல் ரியாக்‌ஷன், புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை. டாக்டர் விளக்கினார்: "ஒண்ணுமில்லை அம்மா. உள்ளே ரத்தக்குழாயைக் கட்டியிருந்த பட்டு நூலைச் சுற்றி உடம்பு ஒரு கோட்டை கட்டியிருக்கு. நூலும் கோட்டையும் சேர்த்து எடுத்தாச்சு."

தம்பி உடனே கேட்டான்: "பட்டா? நான் பொறந்ததிலேர்ந்து பட்டுலதான் கை வெச்சிருக்கேன் டாக்டர். அது எப்படி எனக்கு ஒத்துக்காமப் போகும்?"

நியாயமான கேள்வி. பள்ளியில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அன்றைக்குப் பாடத்தை மூடி வைத்துவிட்டு இதைத்தான் நடத்தியிருப்பேன். இப்போது நடத்துகிறேன்.

முதலில், பட்டு எதற்கு உடம்புக்குள் போகிறது?

தையல் நூலாகப் பட்டு வைத்தியத்தில் பழைய விருந்தாளி. ரோமானியர் காலத்து மருத்துவர் கேலனே பட்டு நூலால் ரத்தக்குழாயைக் கட்டுவது பற்றிச் சொல்லியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்டுக்குடலிலிருந்து செய்த கேட்கட் நூல்தான் அதிகம் புழங்கியது. அதில் சீழ் பிடிக்கும் தொல்லை கண்டு, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் தியோடோர் கோகர் பட்டுக்கு மாறினார். 1909-இல் தைராய்டு பற்றிய ஆய்வுக்காக நோபல் பரிசு வாங்கினாரே, அவர்தான். அதற்குப் பிறகு பட்டு உலகம் முழுவதும் பரவியது. காரணம் எளிது: கைக்கு மென்மை, முடிச்சு நழுவாது, விலை குறைவு. இன்று செயற்கை நூல்கள் நிறைய வந்துவிட்டன. ஆனாலும் முடிச்சு கெட்டியாக நிற்க வேண்டிய இடத்தில் பட்டை விரும்பும் டாக்டர்கள் இருக்கிறார்கள்.

வெளித்தோலில் போட்ட தையலை ஒரு வாரத்தில் பிரித்துவிடுவார்கள். உள்ளே ரத்தக்குழாயைக் கட்டிய நூலை யாரும் திரும்பத் திறந்து எடுக்க மாட்டார்கள். அது அங்கேயே இருப்பதற்காகத்தான் போடப்படுகிறது. அவிழ்ந்தால் ரத்தம் கொட்டும். ஆகவே "மறந்துவிட்டார்கள்" என்று எழுதியவர் யாரானாலும் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அது கிணற்றுச் சுவரில் வைத்த கல் மாதிரி. கொத்தனார் மறந்துவிட்டுப் போனதல்ல.

இரண்டாவது, உடம்பு ஏன் கோட்டை கட்டுகிறது?

பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு மெட்ச்னிகாஃப் பெயர் நினைவிருக்கலாம். 1882-இல், இத்தாலியின் சிசிலித் தீவில், மெசினா என்ற ஊரில், கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நகரும் செல்கள் கூட்டமாக வந்து முள்ளைச் சூழ்ந்திருந்தன. அந்த முள்ளில் விஷம் இல்லை, கிருமி என்று எதையும் அவர் தடவவில்லை. அந்நியப் பொருள் என்பதே போதுமானதாக இருந்தது. இந்த வழியில் நடந்த ஆராய்ச்சிக்காக 1908-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தம்பி உடம்பில் நடந்ததும் அதேதான். நூல் உள்ளே போன சில நொடிகளில் ரத்தத்திலுள்ள புரதங்கள் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். அதாவது உடம்பின் செல்கள் நேரடியாக நூலைப் பார்ப்பதே இல்லை. நூலின் மேல் படிந்த புரதப் பூச்சைத்தான் தொட்டுப் பார்க்கின்றன. முதல் ஓரிரு நாளில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் வரும். இவை அவசரப் படை. வந்த வேகத்தில் மடிந்துவிடும். பின்னால் வருபவை மேக்ரோஃபேஜ்கள். பெயருக்கே பெருந்தீனிக்காரன் என்றுதான் பொருள். இவை பொறுமைசாலிகள். கிருமியோ செத்த செல்லோ கிடைத்தால் அப்படியே விழுங்கும்.

இப்போது அளவைப் பாருங்கள். ஒரு மேக்ரோஃபேஜ் சுமார் 20 மைக்ரோமீட்டர். சாதாரணமாகப் பயன்படும் மூன்று-பூஜ்யம் என்ற பட்டு நூலின் தடிமன் சுமார் 200 மைக்ரோமீட்டர். நீளமோ சென்டிமீட்டர் கணக்கு. எலிக்குட்டி ஆலமரத்து விழுதை விழுங்க முடியுமா? முடியாது. அப்போது இந்த செல்கள் பல ஒன்றுகூடி, இடையில் இருக்கும் சுவரைக் கலைத்து, ஒரே பெரிய செல்லாக மாறிவிடும். ஒரே செல்லுக்குள் பத்து, இருபது என்று உட்கருக்கள். இதுதான் அறிக்கையில் இருந்த ஜயன்ட் செல். அதாலும் நூலைத் தின்ன முடியாது. ஆகவே கடைசி வழி: நார்த்திசுவைக் கொண்டு நூலைச் சுற்றி உறை போட்டு ஒதுக்கிவிடுவது. அழிக்க முடியாததை அடைத்து வைப்பது.

பெரும்பாலானவர்களுக்கு இந்த உறை காகிதம் போல் மெல்லியதாக இருக்கும். வாழ்நாள் முழுக்கத் தெரியவே தெரியாது. நம் குடும்பத்திலேயே எத்தனை பேர் உடம்பில் அப்படி நூல் இருக்கிறதோ! சிலருக்கு மட்டும் அந்த அழற்சி ஓயாமல் நடந்து, உறை தடித்துக் கட்டியாகிவிடுகிறது. தம்பி அந்தச் சிலரில் ஒருவன். அவ்வளவுதான்.

மூன்றாவது, தம்பியின் கேள்வி. தொட்டால் ஒன்றும் செய்யாத பட்டு, உள்ளே போனால் ஏன் இப்படி?

தோலுக்கு மேலே இருப்பது வேறு, கீழே போவது வேறு. தோல் என்பது மதில். மதிலுக்கு வெளியே யார் நின்றாலும் காவல்காரன் கத்த மாட்டான். ஆகவே அவன் இனிப் பட்டறைக்குப் போகலாமா, பட்டு வேட்டி கட்டலாமா என்று கேட்ட பெரியம்மாவுக்குப் பதில்: தாராளமாக. டாக்டரும் அதையே சொன்னார்.

இன்னொரு பதில் எங்கள் பட்டறையிலேயே இருக்கிறது. எங்கப்பா காஞ்சிபுரத்தில் சாயக்காரர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கோராப் பட்டு வந்ததும் அது விறைப்பாக, மங்கலாக, ஈர்க்குச்சி மாதிரி இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் சிட்டம் சிட்டமாக முக்கி எடுப்பார். பசை போகும். பிறகுதான் மினுமினுப்பும் வழுவழுப்பும் வரும், சாயமும் பிடிக்கும். ஒரு கிலோ கோரா கொடுத்தால் முக்கால் கிலோதான் திரும்பி வரும். "மீதி எங்கே?" என்று புதுசாகத் தொழிலுக்கு வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். மீதி தண்ணீரில் போயிற்று.

அந்தப் பசையின் பெயர் செரிசின். உள்ளே இருக்கும் இழையின் பெயர் ஃபைப்ராயின். இரண்டும் புரதம். பட்டுப்புழு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இழுக்கும் ஒற்றை இழையில் நடுவே ஃபைப்ராயின், வெளியே செரிசின் பூச்சு. ஃபைப்ராயினில் கிளைசின், அலனின், செரின் என்ற சின்னச் சின்ன அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வந்து, அடுக்கி வைத்த ஓலை போல் நெருக்கமாகப் படியும். அதுதான் பட்டின் பலம். கரையாததற்கும் அதுவே காரணம்.

முன்காலத்தில் பசை நீக்காத பட்டுத் தையலும் பயன்பாட்டில் இருந்தது. அதைப் போட்ட சிலருக்கு ஒவ்வாமை வந்தது. எல்லாப் பழியும் செரிசின் மேல் விழுந்தது. அந்தப் பழி முழுக்கச் சரியா என்று பின்னால் சோதித்துப் பார்த்தார்கள். 2003-இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில், டேவிட் காப்லான் குழுவினர் எலியின் மேக்ரோஃபேஜ் செல்களைக் கிண்ணத்தில் வளர்த்து ஆராய்ந்தார்கள். செரிசின் மட்டும் தனியாக இருந்தால் அந்த செல்கள் பெரிதாகக் கிளர்ச்சி அடையவில்லை. ஆனால் பாக்டீரியாவின் மேலுறைப் பொருளோடு செரிசினைச் சேர்த்ததும் கிளர்ச்சி கூடியது. பட்டு இழைகளோ பெரும்பாலும் சாதுவாகவே இருந்தன. அதே ஃபைப்ராயினைப் பொடித் துகளாக்கிப் போட்டபோது செல்கள் அழற்சிப் பொருளைச் சுரந்தன.

கண்ணுகளா, இந்த முடிவை இரண்டு முறை படியுங்கள். ஒரே புரதம். இழையாக இருந்தால் ஒரு பதில், துகளாக இருந்தால் வேறு பதில். ஒரே பசை. தனியாக இருந்தால் ஒரு பதில், கிருமியோடு கூட்டுச் சேர்ந்தால் வேறு பதில். நோய் எதிர்ப்பு மண்டலம் "இது என்ன பொருள்" என்று மட்டும் கேட்பதில்லை. "எந்த வடிவில் வந்தாய், யாரோடு வந்தாய், எவ்வளவு நாள் இருப்பாய்" என்றும் கேட்கிறது.

கிருமி விஷயத்தில் இன்னும் ஒரு பழைய சோதனை உண்டு. 1957-இல் எலெக், கோனன் என்ற இருவர், தாமாக முன்வந்த மனிதர்களின் தோலில் சோதித்தார்கள். சாதாரணத் தோலில் சீழ் பிடிக்கப் பல லட்சம் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா தேவைப்பட்டது. அங்கே ஒரு பட்டுத் தையல் இருந்தால் சில நூறே போதுமாக இருந்தது. காரணம், தையல் பட்டு ஒற்றை இழை அல்ல, பின்னல். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல் அது ஈரத்தை இழுக்கும். இழைகளுக்கு இடையில் பாக்டீரியா ஒளிந்துகொண்டால் வெள்ளையணு உள்ளே போக முடியாது. அதனால்தான் சீழ் உள்ள புண்ணில் பட்டைப் போடத் தயங்குவார்கள். தையல் நூலுக்கு மெழுகோ சிலிக்கோனோ பூசுவதும் இந்த ஈரம் இழுக்கும் குணத்தைக் குறைக்கத்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தர்மபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்த்த எங்கள் சின்னம்மாவைப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். புழு மனைக்குள் போனாலே தும்மல், சந்திரிகையிலிருந்து கூடு பிரிக்கும் நாளில் மூச்சு இழுக்கும். கடைசியில் அந்தத் தொழிலையே விட்டார். "அவங்க ரத்தம்தானே, அதான் தம்பிக்கும் பட்டு ஆகலை" என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். இரண்டும் ஒன்றல்ல. சின்னம்மாவுக்கு வந்தது ஒவ்வாமை. அது ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் கண்டு, அதற்கென்று எதிர்ப்பொருள் தயாரித்து, அடுத்த முறை பார்த்ததும் சில நிமிடங்களில் பாயும். பட்டுப்புழு, பட்டுக்கூடு வேலை செய்பவர்களுக்கு இந்த மாதிரி ஆஸ்துமா வருவது மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த விஷயம். தம்பிக்கு வந்தது அந்நியப்பொருள் எதிர்வினை. அதற்கு முன்பழக்கமும் வேண்டாம், வம்சமும் வேண்டாம். முள்ளோ, கண்ணாடித் துண்டோ, நைலான் நூலோ, எது உள்ளே தங்கினாலும் எந்த மனித உடம்பும் ஏதோ ஓர் அளவுக்கு இதைச் செய்யும்.

"பட்டு இயற்கைப் பொருள், உடம்பு ஏத்துக்கும். பிளாஸ்டிக் நூல்தான் ஆபத்து" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இந்தக் கருத்தை நம்பி டாக்டரிடம் வாதம் செய்யாதீர்கள். பாம்பின் விஷமும் இயற்கைதான். வேர்க்கடலையும் இயற்கைதான். அதைச் சாப்பிட்டு மூச்சுத் திணறுபவர்கள் இருக்கிறார்கள். மறுபக்கம், டைட்டானியம் என்ற உலோகத்தில் செய்த பல்வேரும் எலும்புத் தகடும் எத்தனையோ பேர் உடம்பில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன. திசுவில் பட்டு உண்டாக்கும் அழற்சி, பாலிபுரோப்பிலீன், நைலான் போன்ற ஒற்றை இழைச் செயற்கை நூல்களைவிடப் பொதுவாக அதிகம்தான். உடம்பு நம் நம்பிக்கையைக் கேட்டு வேலை செய்வதில்லை.

அப்படியானால் பட்டு கெட்டதா? இல்லை. இனிமேல் சொல்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மருந்தாளர் விதிப்படி, 60 நாளுக்குள் பலத்தில் பெரும்பகுதியை இழக்கும் நூல் கரையும் நூல். பட்டு அப்படி இழப்பதில்லை. ஆகவே அது கரையாத நூல் பட்டியலில் இருக்கிறது. ஆனால் உண்மையில் பட்டும் கரையும், நிதானமாக. சுமார் ஒரு வருஷத்தில் பலம் பெரும்பாலும் போய்விடும். இரண்டு வருஷம் கழித்துத் தேடினால் பலருக்கு நூலே கிடைக்காது. யார் கரைத்தது? தின்ன முடியாமல் சுற்றி உட்கார்ந்திருந்தனவே, அதே செல்கள்தான். அவை சுரக்கும் நொதிகள் புரதத்தை அரித்து அமினோ அமிலமாக்கிவிடும்.

இந்தக் குணத்தைத்தான் விஞ்ஞானிகள் இப்போது பயன்படுத்துகிறார்கள். பட்டுக்கூட்டை நறுக்கிச் சோடியம் கார்பனேட் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். அப்பாவின் அண்டாவில் இருந்த அதே சோடாதான்! பசை போன இழையை லித்தியம் புரோமைடு கரைசலில் கரைத்து, உப்பைப் பிரித்து எடுத்தால் தூய ஃபைப்ராயின் நீர் கிடைக்கும். அதிலிருந்து தாள், கூழ், கடற்பஞ்சு போல் துளை நிறைந்த சாரம், எது வேண்டுமானாலும் செய்யலாம். சாரம் என்றால் கட்டடத்துக்குக் கட்டுவோமே, அதே அர்த்தம்தான். எலும்போ தோலோ தசைநாரோ வளரும்வரை செல்கள் ஏறி நிற்க ஒரு தாங்கல். வளர்ந்து முடிந்ததும் சாரம் பிரிய வேண்டும்.

எப்போது பிரிய வேண்டும் என்பதைத் தயாரிப்பு முறையாலேயே முடிவு செய்யலாம். 2008-இல் வெளிவந்த எலி ஆய்வு ஒன்றில், தண்ணீரை வைத்துச் செய்த பட்டுச் சாரம் இரண்டு முதல் ஆறு மாதத்தில் மறைந்தது. வேறொரு கரைப்பானில் செய்த சாரம் ஒரு வருஷத்துக்கு மேலும் இருந்தது. அதிக நேரம் கொதிக்க வைத்தால் புரதச் சங்கிலி அறுந்து சீக்கிரம் கரையும். எவ்வளவு நேரம் கொதிக்க விட வேண்டும் என்பது அப்பாவுக்குக் கைக்கணக்கு. அவர்களுக்கு அது ஆய்வுக்கணக்கு.

இதில் நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரி அல்ல என்பதைக் கவனியுங்கள். மேக்ரோஃபேஜுக்கு இரண்டு குணம் உண்டு. முதலில் சண்டைக்காரன். பிறகு சூழ்நிலை சரியாக இருந்தால் மேஸ்திரியாக மாறிப் புது ரத்தக்குழாயையும் திசுவையும் வளர்க்க உதவும். உடம்பு எந்தப் பதிலும் கொடுக்கவில்லை என்றால் சாரத்தைப் பிரிக்க ஆளே வராது. புண்ணும் ஆறாது. பதில் அதிகமானால் தம்பிக்கு வந்த மாதிரி கட்டி. சண்டைக்காரனைச் சரியான நேரத்தில் மேஸ்திரியாக்குவதுதான் இந்தத் துறையில் இன்றைக்கு எல்லோரும் முயலும் வித்தை.

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி உண்டு. காட்டுப் பட்டான தசர் பட்டின் ஃபைப்ராயினில், செல்கள் பிடித்துக்கொள்ளக் கொக்கி போல் உதவும் ஒரு மூன்று அமினோ அமிலத் தொடர் இயல்பாகவே இருக்கிறது. நம் மல்பெரிப் பட்டில் அது இல்லை. கரக்பூர் ஐஐடியில் சுபாஸ் குண்டு என்ற பேராசிரியர் குழு இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. நெசவுக்கு முரட்டுப் பட்டு என்று ஒதுக்குவதை, செல்கள் விரும்பி ஏற்கின்றன.

சரி, இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த ஆஸ்பத்திரிக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போக வேண்டும் என்று பேசும் இளவட்டங்களுக்கு: வேண்டாம். கட்டிய நூல் தன் வேலையைச் செய்தது. ரத்தம் நின்றது. உடம்பு தன் வேலையைச் செய்தது. இரண்டுமே குற்றம் அல்ல. எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது, "உள்ளே நூல் இருக்கிறது, எப்போதாவது தழும்பில் கட்டி மாதிரி வந்தால் பயப்படாமல் உடனே வாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தம்பி எட்டு மாதம் சாவை மடியில் கட்டிக்கொண்டு திரிந்திருக்க மாட்டான். மருத்துவத் துறையில் இருக்கும் என் மாணவ மாணவிகள் முப்பது பேராவது இதைப் படிப்பீர்கள். அந்த ஒரு வார்த்தையை நீங்கள் சொல்லுங்கள். அரை நிமிஷம்தான் ஆகும்.

மற்றவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது நாலு.

ஆபரேஷன் முடிந்து வரும்போது கொடுக்கும் தாளைப் பத்திரமாக வையுங்கள். உள்ளே என்ன நூல், வலை ஏதாவது வைத்தார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

தழும்பில் கட்டி, கசிவு, சிவப்பு, வலி எது வந்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள். காய்ச்சலோ சீழோ இருந்தால் அன்றைக்கே போங்கள்.

இந்தப் பதிவைப் படித்துவிட்டு, "ஓ, இது நூல் கட்டிதான்" என்று நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள். தம்பி தானாக முடிவு செய்தது பயத்தால். நீங்கள் தானாக முடிவு செய்வது தைரியத்தால். இரண்டும் ஒன்றுதான். கையால் தொட்டுப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பரிசோதனைதான் சொல்லும்.

நாலாவது, ஹெர்னியாவைத் தள்ளிப்போட்டிருக்கும் நம் உறவினருக்கு. பெயர் சொல்லவில்லை, நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். நூலால் கட்டி வந்தால் அது அரிது. வந்தாலும் ஒரு சின்ன ஆபரேஷனில் தீர்ந்துவிடும். குடல் மாட்டிக்கொண்டால் அப்படி இல்லை. திங்கட்கிழமை போய்ப் புதுத் தேதி வாங்குங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் தம்பியே வருகிறேன் என்கிறான். உங்களுக்கு அவனைவிடப் பொருத்தமான துணை கிடைக்காது.

குடும்பக் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டவர் அதை எடுத்துவிட்டு, இதைப் போட்டால் மகிழ்வேன். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். டாக்டரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டால், பழையபடி பெஞ்ச் மேல் ஏற்றிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் உயிரியல் டீச்சர்